தடியர்களுக்கு வார விடுமுறை

2046ஆம் வருடம் மார்கழி மாதம் நான் விட்ட ஒரு கொட்டாவியில் சிங்காநல்லூர் குளத்து நாரைகள் அத்தனையும் எழும்பிப் பல்லடம் வரைக்கும் பறந்து போய்விட்டன. நம்ப மாட்டீர்கள். போகட்டும், பாதி நாரைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியைத் துரத்தியது திருமூர்த்தி அண்ணன் விட்ட கொட்டாவி.

நாங்கள் மொத்தம் பதினொரு கிழவர்கள். எல்லோரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் பெயர் சென்னியப்பன், வயது எழுபத்து மூன்று. டைம் ஆபீஸில் இருந்தவன். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு என்றைக்கு ஆஃப், வராதவனுக்குப் பதிலி யார் என்று முப்பத்தொரு வருடம் எழுதித் தள்ளியவன். திருமூர்த்தி அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஃபிட்டர், அதைவிட முக்கியமாகச் சங்கச் செயலாளர். 'ஓவர்டைமா?' என்று அவர் ஒரு புருவத்தை உயர்த்தினால் மேனேஜருக்குச் சர்க்கரை முந்நூறைத் தொடும். இரண்டு புருவத்தையும் உயர்த்தியதை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் உயிரோடு இல்லை.

எங்கள் பதினொரு பேருக்கும் ப்ராஸ்டேட்டில் கோளாறு. புற்றுநோய் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசலில் நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி ஒரு நிலைமை. ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் சஹானா என்ற பெண் எங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினாள். முப்பத்தேழு வயது. கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையம். சாயங்காலம் நாலு மணிக்கு மேசையில் பாதி தின்ற புளிசாதம்.

"அங்கிள், அந்தச் சுரப்பிக்குள்ள இருக்கற செல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அடியில சுவர் மாதிரி நிக்கறது ஒரு வகை. உள்பக்கம் நீர் சுரக்கறது ஒரு வகை. இது போக ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு, தனி ரகம். க்ளப் செல்னு பேர். மைக்ராஸ்கோப்ல பாத்தா தலை பெருத்த தடி மாதிரி இருக்கும்."

"அது என்னங்க அம்மிணி பண்ணும்?" என்று கேட்டேன்.

"எங்கயாவது காயம் பட்டா ஓடி வந்து புதுச் செல் செஞ்சு அடைக்கும். மத்த நேரம் சும்மா இருக்கும்."

"சும்மாவா? சம்பளத்தோடவா?" என்றார் திருமூர்த்தி அண்ணன், ஒற்றைப் புருவத்தை உயர்த்தி.

சஹானா சிரித்துவிட்டாள். "அதுதான் பிரச்சினையே. வயசான சுரப்பியில எப்பவும் லேசா வீக்கம் இருக்கும். இதுக வேலையில்லாம நின்னுட்டு, காயமே இல்லாதப்பவும் 'காயம், காயம்'னு கத்த ஆரம்பிக்கும். நீர் சுரக்கற செல் அதைக் கேட்டுக் கேட்டு, தன் வேலையை விட்டுட்டுப் பெருக ஆரம்பிச்சிடும். உங்க எல்லாருக்கும் இப்ப அந்தக் கத்தல் கேக்குது."

"அப்ப அந்தத் தடியன்களத் தீத்துக் கட்டிற வேண்டியதுதானுங்களே?" என்றேன்.

"எலியில பண்ணிப் பாத்தாச்சு. ஆண் ஹார்மோனை நிறுத்தினா சாதாரணச் செல் செத்துப் போகுது. இதுக பட்டினியிலயும் பிழைச்சுக்குது. பிழைச்சு வர்றது இன்னும் முரட்டுத்தனமா வருது. அதனால நான் கொல்லப் போறதில்லை அங்கிள். வேலை குடுக்கப் போறேன்."

அப்படித்தான் எங்கள் பதினொரு பேர் அடிவயிற்றுக்குள்ளும் ஓர் அரிசி அளவுக் கருவி போய் உட்கார்ந்தது. அது சுரப்பிக்குள் இல்லாத காயத்தின் சமிக்ஞையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். தடியர்கள் அதை நம்பி இங்கே ஓடுவார்கள், அங்கே ஓடுவார்கள், அடைப்பார்கள், பூசுவார்கள். கத்த நேரம் இருக்காது. அந்தக் கருவிக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. சுழியத்திலிருந்து ஆறு வரை அதற்கு வேகம் உண்டு. எனக்கு மூன்று. திருமூர்த்தி அண்ணனுக்குக் கோளாறு முற்றியிருந்ததால் ஆறு. காய்ச்சல் நாளில் மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்று அவரவர் போனிலேயே அதற்கான திருகு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் போனை அடிவயிற்றில் வைத்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் உள்ளே நடந்ததை மேஸ்திரி ஒப்பித்துவிட்டு, ஒப்பித்ததை மறந்துவிடும். ரீடிங் நேரே சஹானாவுக்குப் போகும்.

"கொஞ்சம் அசதியா இருக்கும் அங்கிள்," என்றாள் சஹானா.

கொஞ்சம்! கடலில் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்பது போல.

காயம்பட்ட நாய் மூலையில் சுருண்டு கிடக்குமே, அந்த அசதி. காயம் மட்டும் கிடையாது. உடம்பு இருபத்து நாலு மணி நேரமும் எதையோ ஆற்றிக்கொண்டே இருந்தது. நான் கீழ்வரிசைப் பல்லை ஒரு நாளும் மேல்வரிசைப் பல்லை மறுநாளும் விளக்கினேன். எங்களில் ஒருவர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்ற ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்து, பிரதோஷம் முடிந்துதான் எழுந்தார். சட்டைக்கு ஆறு பொத்தான் வைத்தது முதலாளிகளின் சதி என்று திருமூர்த்தி அண்ணன் கண்டுபிடித்தார். தூங்கினாலும் தீரவில்லை. தூங்கி எழுந்த அசதி, தூங்கப் போன அசதியைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் ரீடிங் எல்லாம் அருமையாம். தடியர்கள் வாயை மூடிக்கொண்டார்களாம்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரதராஜபுரத்தில் திருமூர்த்தி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தெய்வானை அண்ணி கிடந்தார். அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

அண்ணிக்கு நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தூக்குவது, குளிப்பாட்டுவது, திருப்பிப் போடுவது எல்லாம் அண்ணன்தான். அரசாங்கத்தில் தூக்கும் இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதன் கை பட்டாலே அண்ணி அலறுவார். 'ஐஸ் பெட்டியில வெக்கற மாதிரி இருக்குதுங்' என்பார். அது இப்போது மூலையில் துணி காயப்போட உதவியது.

"எப்ப உழுந்தீங்க அண்ணி?" என்றேன்.

"நான் எங்கங்க உழுந்தேன்? உங்க அண்ணன் போட்டாரு. ஒம்போது மணிக்கு."

மணி பன்னிரண்டரை.

"கை நழுவிருச்சு," என்றார் அண்ணன். அவருடைய குரலை அப்படி நான் கேட்டதில்லை. "தூக்கலாம்னு மூணு வாட்டி பாத்தேன் டைம் கீப்பரே. முடியல. சரி, அவ மட்டும் கீழ இருக்க வேண்டாம்னு நானும் உக்காந்துட்டேன்."

"மூணு மணி நேரமா சங்கக் கூட்டம் நடக்குதுங்," என்றார் அண்ணி. முழங்கை சிராய்த்து ரத்தம் உறைந்திருந்தது. "தீர்மானந்தான் ஒண்ணும் நெறவேறல."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணியின் தோளைப் பிடித்தேன். அண்ணன் காலைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். மூன்று சொல்லி முடித்ததும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆலையில் நூறு கிலோ பஞ்சுப் பொதியை ஒற்றைக் கையால் சுழற்றியவன் நான். சரி, பொதி ஐம்பது கிலோ. சுழற்றியது வேறு ஒருவன். ஆனால் அதை எழுதி வைத்தவன் நான். கடைசியில், பார்சல் கொடுக்க வந்த ஒரு பெண், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அண்ணியைக் குழந்தை மாதிரி அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, "தாத்தா, இங்க கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

அவள் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டரு புள்ளைகிட்டக் கேட்டேன். ஆறுல இருந்து எறக்க முடியாதுன்னுட்டா. எறக்குனா ஹார்மோன நிறுத்தற ஊசி. ஊசி போட்டா இதுக்கும் மேல அசதி, எலும்பும் தேயுமாம். நீ சொல்லு. எந்த ஆலையிலயாவது வார லீவு இல்லாம வேலை வாங்குவாங்களா? தடியனா இருந்தாலும் அவனும் தொழிலாளிதானே?"

"என்னங்ணா பண்றது?"

"சனிக்கெழமை அவனுகளுக்கு ஆஃப் போடு. நீதானே டைம் கீப்பரு."

சனிக்கிழமை மேஸ்திரியைச் சுழியத்தில் வைத்தால் போதும். ஆனால் அன்றைய ரீடிங் வெறுமையாகப் போய் மாட்டிவிடுமே! அதற்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன யோசனை, ஆலையில் தினமும் நடந்ததுதான். வராதவனின் அட்டையை வந்தவன் மிஷினில் குத்திவிடுவான். அப்படிக் குத்திய பதினேழு பேரை நானே கையும் அட்டையுமாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதினேழு பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அண்ணனின் போனை வாங்கி, என் வேட்டிக்குக் கீழே அடிவயிற்றில் வைத்தேன். 'வணக்கம் திருமூர்த்தி, இன்று உங்கள் செல்கள் நன்றாக உழைக்கின்றன' என்றது போன்.

கருவியைச் செய்தவர்கள் திருட்டுக்குப் பயந்து ஏழு பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆனால் வயிற்றை இரவல் கொடுக்க ஒருத்தன் வருவான் என்று எந்த இன்ஜினியரும் நினைக்கவில்லை.

"இந்த வயசுல ரெண்டு பேரும் வேட்டியத் தூக்கிட்டு நிக்கறீங்களே, கதவையாச்சும் சாத்துங்," என்றார் அண்ணி.

அந்த முதல் சனிக்கிழமை அண்ணன் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, அண்ணியைத் தூக்கிக்கொண்டு போய் வெந்நீரில் தலைக்கு ஊற்றினார். சீயக்காய் வாசனை தெருக்கோடி வரை வந்தது. ஒரு சனி இரண்டு கிழமையானது. மாசியில் நாலு கிழமையானது. பங்குனி பிறந்தபோது அண்ணனின் மேஸ்திரி ஏழு நாளும் சுழியத்தில்தான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல். மேஸ்திரி ஒருமுறை ஒப்பித்தால் மறந்துவிடும் என்றேன் அல்லவா? என் வயிறு அண்ணன் போனுக்கு ஒப்பித்த நாளில் என் போனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. என் கணக்கில் ரீடிங் விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சஹானா என்னைக் கூப்பிட்டு விளாசினாள்.

"அங்கிள், திருமூர்த்தி அங்கிளைப் பாருங்க. ஒரு வேளை தவறாம அனுப்பறார். நீங்க ஏன் இப்படி இருக்கீங்க?"

"அவரு ஒழுக்கமானவருங்க அம்மிணி. நான் அப்படி இல்லீங்க."

"சாரி அங்கிள். உங்களை இந்தச் சோதனையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கு. மேஸ்திரியைச் சுழியத்துல வெச்சிடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்க."

தலையை ஆட்டினேன். சுழியத்தில் வைக்கவில்லை. ரத்தம் கொடுக்கவும் போகவில்லை. பஸ் ஏறப் படி இருக்கிறதே, மூன்று படி!

இன்னொன்றும் செய்தேன். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவருடைய கணக்கு ஆறாம் வேகத்துக் கணக்கு. என்னுடையது மூன்று. மூன்றின் ரீடிங்கை ஆறு என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே என் மேஸ்திரியை ஆறுக்குத் திருகிவிட்டேன். என் வீட்டில் தூக்குவதற்கு யாரும் இல்லை, மனைவி போய் ஒன்பது வருடம், மகள் வெளியூரில். நான் படுத்துக் கிடந்தால் யார் கீழே விழப்போகிறார்கள்? அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இருநூறு அடி. முதலில் ஐந்து நிமிடம் ஆனது. பிறகு இருபது நிமிடம். வைகாசியில் நான் காலை ரீடிங்குக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது மாலை ரீடிங்குக்கு நேரமாகியிருக்கும் என்று அண்ணி கேலி செய்வார். என்னைவிட நன்றாகப் புளுகுகிறாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இதற்கிடையில் அண்ணன் உலகப் புகழ் பெற்றுவிட்டார். 'நோயாளி எண் ஏழு' என்று அவருடைய வரைபடத்தை வெளிநாட்டுக் கருத்தரங்கில் சுவர் உயரத்துக்குக் காட்டினாளாம் சஹானா. அவ்வளவு முற்றிய நிலையிலும் தடியர்கள் இவ்வளவு அமைதியாக உழைத்த மனிதர் வேறு யாரும் இல்லையாம். அதைப் பார்த்துவிட்டு, நான்கு ஊர்களில் எண்ணூறு பேருக்கு மேஸ்திரி வைக்கத் தேதி குறித்துவிட்டார்கள்.

"எண்ணூறு பேருங்ணா," என்றேன்.

"அதான் எனக்கும் சோறு எறங்கல," என்றார் அண்ணன். ஆனால் அப்போது அவர் மடியில் அண்ணியின் கால் இருந்தது. நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய போனை எடுத்து என் அடிவயிற்றில் வைத்தேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை சஹானாவிடமிருந்து அண்ணனுக்கு அழைப்பு வந்தது. உடனே வர வேண்டும், கூட ஓர் ஆள் வர வேண்டும். கூடப் போன ஆள் நான். என்னைப் பார்த்ததும் அவள் திடுக்கிட்டாள்.

"என்ன அங்கிள், பாதியா இளைச்சிட்டீங்க?"

"ஒழுக்கம் இல்லீங்களே அம்மிணி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திருமூர்த்தி அங்கிள், உங்க ரீடிங்ல நேத்திலிருந்து வேற ஒண்ணு தெரியுது. தடிச் செல்லுக கத்தலை. கத்தி, பக்கத்துச் செல்லைக் கெடுக்கும்னுதான் இத்தனை நாள் பயந்தோம். இப்ப அதுகளே மாறிடுச்சு. புற்றுநோய்தான். சின்னதா இருக்கறப்பவே பிடிச்சிட்டோம். வியாழக்கிழமை சுரப்பியை எடுத்துடலாம். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். யாருடைய வயிற்றைப் பற்றி அவள் பேசுகிறாள் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. உண்மையாகவே. பயம் பின்னால் வந்தது. முதலில் வந்தது என்னவோ, 'அடேயப்பா, என் தடியர்கள் பெரிய ஆட்கள்தான்' என்ற எண்ணம். அடுத்த எண்ணம், இப்போது உண்மை வெளியே வந்தால் அண்ணனை மறுபடி ஆறில் வைப்பார்கள், அல்லது ஊசி போடுவார்கள், அண்ணி மறுபடி தரையில் கிடப்பார். மேசைக்கு அடியில் அண்ணனின் காலை அழுத்தி மிதித்தேன்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க அம்மிணி," என்றேன். "வீட்டுல கலந்து பேசிட்டு..."

"அம்மிணி," என்றார் அண்ணன். "அது என்ற வயிறு இல்லீங்க."

"என்ன அங்கிள்?"

"அவரு அதிர்ச்சியில ஒளறறாருங்க," என்றேன். "கொஞ்சம் தண்ணி குடுங்க..."

"நீ வாய மூடு. கால மிதிக்காத, கட்டை வெரல்ல ஆணி இருக்குது." அண்ணன் எழுந்து நின்றார். ஆலை வாசல் கூட்டத்தில் பேசுவதற்கு எழுந்து நிற்பதைப் போல. என் தோள்மேல் கையை வைத்தார். "இவன் வயிறுங்க. ஏழு மாசமா என் போனுக்கு இவன்தான் வயித்தக் காட்டறான். என்ற மேஸ்திரி சும்மா கெடக்குது."

சஹானாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு ஒரு கருவியை எடுத்து வந்து அண்ணனின் அடிவயிற்றில் வைத்தாள். மேஸ்திரியின் பேட்டரி முக்கால் பங்கு அப்படியே இருந்தது. என் வயிற்றில் வைத்தாள். பத்து வருடம் வர வேண்டிய பேட்டரியில் அடித்தட்டு மட்டும் மிச்சம்.

"மூணுலதானே வெச்சிருந்தேன் உங்களுக்கு?" என்றாள்.

"ஆறுங்க."

"ஆறா?" அண்ணனின் இரண்டு புருவமும் மேலே போயின. "ஆறுலயா வெச்சிருந்தே?"

"உங்க ரெக்கார்டு ஆறுதானுங்களே, ணா."

"எனக்காக ஓவர்டைம் பாத்தியா? எங்கிட்டக் கேக்காமயா? சங்கத்தைக் கேக்காம ஓவர்டைம் பாக்கறவன் துரோகிடா. உன்னையெல்லாம் அன்னைக்கே சங்கத்துல இருந்து நீக்கிருக்கணும்."

"நான் உங்க சங்கத்துல இருந்ததே இல்லீங்களே, ஆபீஸ் ஸ்டாஃப்."

"பேசாத!"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் அவருடைய முதுகைத் தட்டிக் கொடுத்தேன். நாலு தட்டுக்குமேல் கை எழவில்லை.

சஹானா எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அன்றைக்கே அண்ணனுக்கு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். எனக்கும் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் என் தலை சாய்வதற்குத் தோளைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டாள். திரையில் இரண்டு படம். எனக்கு இரண்டும் கோலமாவைக் கொட்டியது போலத்தான் தெரிந்தது.

"இது திருமூர்த்தி அங்கிளோடது," என்றாள். "தடிச் செல் இருக்கு. கத்தலை. வீக்கம் வடிஞ்சிருக்கு. போன வருஷம் எடுத்ததைவிட இப்ப நல்லா இருக்கு. ஏழு மாசமா அநேகமா வேலையே இல்லாம."

"என்னுது?"

"உங்களுது மாறிடுச்சு அங்கிள். ஏழு மாசம் ஓயாத வேலையோட."

அவள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் அவளைப் பார்த்தோம்.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்," என்றாள். "வேலையில்லாமத்தான் கத்துதுன்னு நினைச்சேன். இல்லை. பழைய காயம் ஒண்ணு ஆறாமக் கிடந்திருக்கு. அதைத்தான் கத்தியிருக்குது. அது ஆறட்டும்னு விட்டிருக்கணும். நான் மேல மேல பொய்க் காயம் குடுத்துட்டே இருந்திருக்கேன். அது செஞ்சுது, செஞ்சுது, ஒரு நாள் செய்யறதை நிறுத்தவே தெரியாமப் போச்சு."

"நீங்க எப்படிங்க அம்மிணி கண்டுபிடிச்சிருக்க முடியும்?" என்றார் அண்ணன். "நாங்க கள்ள அட்டை குத்திட்டிருந்தோம்."

"குத்தாம இருந்திருந்தா?" என்றாள் அவள். "ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்திருந்தா, அவர் மூணுல, நீங்க ஆறுல. நீங்க இப்ப இந்த நிலைமையில இருந்திருப்பீங்க. நான் அதை நோயோட கோளாறுன்னு எழுதியிருப்பேன். சும்மா விட்ட ஒருத்தர் ஒப்பிட்டுப் பாக்க எனக்கு இருந்திருக்கவே மாட்டார். நான் நீக்கின அப்புறமும் இவர் உங்க பேர்ல அனுப்பலைன்னா, இவர் கணக்குல இல்லாத ஆள். அடுத்த வருஷம் நோய் பரவி எலும்பு வலின்னு வந்திருப்பார். அப்ப பாத்து என்ன பண்றது?"

"அப்ப எங்களுக்கு அவார்டு தருவாங்களா?" என்றேன்.

"ஜெயில் கிடைக்கலாம். எனக்கும் சேத்து." முதல்முறையாக அவள் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. "ரெண்டே ரெண்டு பேரை வெச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாது அங்கிள். ஆனா எண்ணூறு பேருக்கு இதை வைக்காம இருக்க ரெண்டு பேர் போதும்."

அவள் போனை எடுத்தாள். முதலில் எங்களில் மிச்சமிருந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "அங்கிள், இப்பவே சுழியத்துல வைங்க. நான் லைன்லயே இருக்கேன், வெச்சிட்டுச் சொல்லுங்க." ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. ஒருவர், "நன்றிங்க" என்று சொல்லவந்து, "நன்..." என்பதோடு குறட்டைக்குப் போய்விட்டார். இதில் மிகை ஏதும் இல்லை. பிறகு நான்கு ஊர்களுக்கும் எழுதினாள். அது நீளமான கடிதம். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருட வேலையைத் தன் கையாலேயே தப்பு என்று எழுதுவது லேசான காரியமா? கள்ள அட்டை விஷயத்தையும் எழுதினாள். எங்கள் பெயரை எழுதவில்லை, எண்ணை மட்டும் எழுதினாள். அனுப்பினாள்.

கடைசியாக என் பக்கம் நாற்காலியை நகர்த்தி, என் போனை வாங்கி, ஆறைச் சுழியம் ஆக்கினாள்.

"வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன். பிழைச்சுக்குவீங்க, சின்னதுதான். ஆறு வாரம் யாராவது கூட இருக்கணும்."

"எங்க வீட்டுலதான் இருப்பான்," என்றார் அண்ணன். "தெய்வானைக்குப் பக்கத்துல இன்னொரு கட்டில் போட எடம் இருக்குது. ஒரு ஆளத் தூக்கறவனுக்கு ரெண்டு ஆளு கணக்கா?"

"அண்ணனுக்கு ஊசி?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"எதுக்கு? சும்மா இருக்கட்டும். நாலு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தாள். "ஒரு நிமிஷம் இருங்க அங்கிள். உங்க சீட்டை எழுதிடறேன்."

பேனாவைத் திறந்தாள். தேதி போட்டாள். சென்னியப்பன் என்று எழுத ஆரம்பித்து, இரண்டாவது எழுத்தில் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் நின்றது. தலை மெல்ல மெல்லக் கையின்மேல் இறங்கியது. சின்னதாக ஒரு மூச்சு. பிறகு பெரிதாக ஒன்று.

அண்ணன் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

எனக்குள்ளே ஏதோ நின்றுபோயிருந்தது. பத்து மாதமாக ஓடிய ஏதோ ஒரு மோட்டார் நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிந்தது. ஒரு தடியன்கூட ஓடவில்லை. கெட்டுப்போனவர்கள்கூட உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு லேசாகத் திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். அண்ணன் சட்டென்று எழுந்து போய்த் தன் அகலமான முதுகால் மேசையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த பேஷன்ட்டை அனுப்பலாமா?"

"உள்ள பெரிய கேஸு ஒண்ணு போயிட்டிருக்குதுங்க," என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சஹானாவைப் பார்த்தேன். புறங்கையில் கன்னம் அமுங்க, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு முழு ஷிஃப்ட்டு ஆகுங்க அம்மிணி," என்றேன்.